இடிமழைக்கு முன் சுவர்போல நகர்ந்து வரும் மேகம் எது?

ஐப்பசி மாதப் பிற்பகல்களில் திருகோணமலை உட்துறைமுகக் கரையில் நின்று கந்தளாய்ப் பக்கம் பார்ப்பவர்கள், வானத்தின் குறுக்கே கறுப்புத் திண்ணைபோல நீண்டு வரும் ஒரு தாழ்ந்த மேகத்தைச் சில வேளைகளில் கண்டிருப்பார்கள். அது என்ன என்பதே கேள்வி. இடிமேகத்தின் முன்விளிம்பில் ஒட்டியபடி உருவாகும் அதைத் தட்டு மேகம் எனலாம்.

இடிமேகத்திலிருந்து மழை கொட்டும்போது துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த அக்காற்று மழையுடன் கீழிறங்கி, தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் அதன் விளிம்பு சருகுகளைத் தூக்கித் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் போல, இக்குளிர்காற்றும் தன் முன்னே கிடக்கும் வெப்பமான ஈரக்காற்றை மேலே தூக்குகிறது. மேலேறும் காற்று விரிந்து குளிர, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மேகமாகிறது. காற்று சீராக மேலேறுவதால் மேகத்தின் மேற்புறம் வழுவழுப்பாகவும், கீழே குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலந்து சுழல்வதால் அடிப்புறம் கிழிந்த துணிபோலக் கந்தலாகவும் தெரிகிறது. மழைக்குச் சற்று முன் புழுக்கம் நீங்கிச் சில்லென்ற காற்று வீசுமே, அதுவே அக்குளிர்காற்றின் முன்விளிம்பு.

இடிமேகத்தோடு ஒட்டாமல் தனியே புரண்டு செல்வது உருளை மேகம். 2017இல் உலக வானிலை அமைப்பின் மேக அட்டவணையில் அது தனி இனமாகச் சேர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டாரியா வளைகுடாவில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்வதுண்டு.

தட்டு மேகத்தைச் சூறாவளியின் அறிகுறி என்றோ, கடல் பொங்கி வருகிறது என்றோ பலர் அஞ்சுவதுண்டு. உண்மையில் இது திடீர்ப் பலத்த காற்றையும் இடிமழையையும் மட்டுமே முன்னறிவிக்கிறது, ஆயினும் சிறு தோணிகளுக்கு அக்காற்றே ஆபத்தாகலாம்.