நாய், பூனைகளுக்குத் தெள்ளு மருந்து: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

எங்கள் நாய் இரவெல்லாம் சொறிகிறது. அதன் மேல் இருப்பது உண்ணியா, தெள்ளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பாலக்கோடு வாசகர்)

உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஓரிடத்திலேயே இருக்கும்; காது மடலிலும் விரலிடுக்கிலும் தடவினால் கைக்கு அகப்படும். தெள்ளு மயிருக்குள் விரைந்து ஓடும், தாவும், எளிதில் கண்ணில் படாது. வால் தொடங்கும் இடத்தில் நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால், அது தெள்ளு குடித்துக் கழித்த இரத்தமாகும். இந்த வேறுபாடு தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி மட்டும் உள்ள, தோலின் மேல் விடும் சொட்டு மருந்து தெள்ளைக் கொல்லும், உண்ணியைக் கொல்லாது.

வீட்டில் நாயும் பூனையும் உள்ளன. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதியைப் பூனைக்கு விடலாமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

கூடாது. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மிகுந்த செறிவில் இருக்கிறது. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதியின் செயல்பாடு மிகக் குறைவு என்பதால் சில துளிகளே அதன் நரம்புகளைத் தாக்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு பூனையை அட்டைப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். முதலில் காது நுனிகள் துடித்தன. பிறகு உடல் முழுவதும் நடுங்கி, நிற்க முயன்ற கால்கள் விலகி விலகிப் போயின. பூனை பிழைத்தது, ஆனால் அடுத்த இரண்டு நாள்களும் அந்தக் குடும்பம் பட்ட வேதனையை என்னால் மறக்க முடியவில்லை. தவறுதலாக விட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு மருந்து பட்ட இடத்தைக் கழுவி, நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பூனைக்கென்றே விற்கப்படும் ஃபிப்ரோனில் என்ற தெள்ளு மருந்தின் குழாயில் இருப்பது 0.5 மில்லிதான், அதுவே போதும். நாய்க்குப் பெர்மெத்ரின் விட்டிருந்தால், அது நன்கு காயும்வரை பூனையை அதனருகே படுக்க விடாதீர்கள்.

மாட்டு உண்ணிக்கு வைத்திருக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்க்குத் தெளிக்கிறோம். பூனைக்கும் தெளிக்கலாமா? (அரூர் வாசகர்)

மாட்டுக்குப் பயன்படும் டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் பெர்மெத்ரினின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பூனைக்கு அவை ஆகவே ஆகாது. மற்றோர் உண்ணி மருந்தான அமிட்ராஸும் பூனைக்கு நஞ்சு. தெள்ளுக்கு அது பயன் தருவதுமில்லை. மூடியளவில் கணக்குப் பார்த்துக் கலக்கும்போது செறிவு தவறிவிடுவதால் நாய்க்கும் இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நாய் ஆட்டுப்பட்டிக்கு அருகே படுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆட்டின் உடலிலும் தெள்ளு இருக்கும்; பட்டியின் குப்பையை அள்ளி அகற்றாதவரை நாய்க்கு எந்த மருந்து விட்டாலும் தெள்ளு மீண்டும் ஏறும்.

அடுக்குமாடி வீட்டில் வளரும் பூனைக்கு முறையாக மருந்து விட்டும் இரண்டு வாரத்தில் மீண்டும் தெள்ளு காணப்படுகிறது. மருந்து போலியா? (ஓசூர் வாசகர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. பூனையின் மேல் நீங்கள் காண்பவை முதிர்ந்த தெள்ளுகள் மட்டுமே. வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் அவை ஏறக்குறைய 5 விழுக்காடுதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள்கூட இடும். அவை மயிரில் ஒட்டாமல் மெத்தையிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்து புழுவாகி, பிறகு கூட்டுக்குள் அடங்குகின்றன. அந்தக் கூட்டை மருந்து எளிதில் ஊடுருவாது. உள்ளிருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்ததும் வெளிவரும். நீங்கள் இப்போது காண்பது பெரும்பாலும் அவற்றையே. ஈரப்பதம் இருந்தால் புழு பிழைக்கும் என்பதால், ஓசூரின் குளிர்ச்சியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தொல்லை எளிதில் ஓயாது. எனவே மாதந்தோறும் மருந்து விடுவதைக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடருங்கள்; பூனையின் விரிப்பைச் சுடுநீரில் துவையுங்கள்; வேக்குவம் கிளீனரால் மூலைகளை உறிஞ்சி, அதன் பையை உடனே வெளியே கொட்டுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்கள் குளிப்பாட்டாதீர்கள். மயிரை விலக்கி, நாக்கு எட்டாத பிடரியில், தோலின் மேலேயே விட வேண்டும். உடலை நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரக்கூடும். அதற்கான மாத்திரையை எடை பார்த்து வாங்குங்கள்.

பிறந்து மூன்று வாரமான நாய்க்குட்டிகள் மேல் தெள்ளு மொய்க்கிறது. என்ன செய்வது? (பென்னாகரம் வாசகர்)

எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வேண்டாம். சீப்பால் வாரி, அகப்படும் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறந்த இரண்டு நாளிலிருந்தே பயன்படுத்தக்கூடிய ஃபிப்ரோனில் ஸ்பிரே உண்டு, அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈறு வெளுத்திருந்தால் இரத்தசோகை முற்றியிருக்கிறது என்று பொருள், அன்றே காட்டுங்கள்.

எங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறது. தெள்ளு மாத்திரை கொடுக்கலாமா? (காவேரிப்பட்டினம் வாசகர்)

அஃபோக்சோலானர், ஃப்ளுராலானர் போன்ற மாத்திரைகள் தெள்ளையும் உண்ணியையும் நன்றாகக் கொல்கின்றன; நான் பல நாய்களுக்கு எழுதிக் கொடுப்பவையும் அவையே. ஆயினும் இவ்வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்திருப்பதால், உங்கள் நாய்க்கு நான் மாத்திரையைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். எடைக்கேற்ற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையே தருவேன். அதன் அளவு 10 கிலோ வரை 0.67 மில்லி, 10 முதல் 20 கிலோ வரை 1.34 மில்லி.