மூட்டு நோவுக்கு பெரிப் பழங்கள்: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி மகள் ஒருவர்: அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். புளூபெரி, ஸ்ட்ராபெரி நல்லது என்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்கவா?

வேண்டாம் மகள். அந்தப் பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஸ்ட்ராபெரித் தூள் நாளுக்கு 50 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள், நோ குறைந்தது. ஆனால் பங்கெடுத்தவர்கள் 17 பேர்தான். புளூபெரித் தூள் 40 கிராம், 4 மாதம் கொடுத்த இன்னோர் ஆய்விலும் நோ குறைந்தது. உலர்த்திய தூள் அது. பழமாகக் கணக்கிட்டால் ஸ்ட்ராபெரி அரைக் கிலோ, புளூபெரி கால் கிலோ வரும். தினமும் அந்தச் செலவு யாருக்குக் கட்டும்?

அம்மாவுக்கு நாவற்பழம் வாங்கிக் கொடுங்கள். தின்றதும் நாக்கு ஊதாவாகிறதே, அந்த நிறச்சத்துத்தான் அந்தோசயனின். புளூபெரிக்கு நிறம் தருவதும் அதுதான். நோ போய்விடும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் பழக்காலத்தில் ஒரு கைப்பிடி, தோலோடு, நல்ல சாப்பாடு. டொக்டர் தந்த குளிசையையும் நடையையும் விடக் கூடாது.

செங்கலடி தம்பி: இந்தப் பழங்கள் வயிற்றுக்கு எப்படி உதவுகின்றன?

நார்ச்சத்தும் நிறச்சத்தில் பெரும்பகுதியும் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள நல்ல கிருமிகள் நாரைப் புளிக்கவைத்துக் குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அதனால்தான் வடிகட்டிய ஜூஸை விடப் பழத்தை மென்று தின்னச் சொல்கிறேன். வயிறு பழகாதவர்கள் கொஞ்சமாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஊதும்.

அக்கரைப்பற்று ஐயா: போத்தல் நெல்லி ரசம் குடிக்கிறேன், சீனி வருத்தமும் இருக்கிறது. கால் பெருவிரல் வீங்கித் தெறிக்கிறது.

ஐயா, ரசத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் நெல்லியை விடச் சீனி கூட. பெருவிரல் வீக்கம், இரத்தத்தில் கழிவான யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிவதால் இருக்கலாம்; சீனிப் பானம் அதையும் கூட்டும். இரத்தம் சோதித்துப் பாருங்கள். அதுவரை இறால், நண்டு, நெத்தலியைக் குறையுங்கள். நெல்லி வேண்டுமென்றால் பச்சையாக ஒன்று, உப்புத் தொடாமல்.

வாழைச்சேனை அக்கா: பாலைப்பழமும் இதில் சேருமா?

நிறம் மஞ்சள், அந்தோசயனினுக்கு அதை நம்ப வேண்டாம். இனிப்பும் கூட. ஆசைக்குத் தின்னுங்கள் அக்கா, உதட்டில் ஒட்டும் பாலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு.