இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறதாம்

கேள்வி: எனக்கு வயது 37. நாமக்கல்லில் வசிக்கிறேன். என்னிடம் 2011-இல் வாங்கிய சிறிய கார் இருக்கிறது. பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. மாதம் ஒருமுறை நண்பர்களோடு கொல்லிமலை போவேன். போன முறை இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. அதனால் முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிப்பரும் 42,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டு வாசலிலேயே நானே மாட்டப் போகிறேன். பின் டிரம்மையும் டிஸ்க்காக மாற்றிவிடலாமா? மற்ற நாட்களில் மனைவிதான் இரண்டு குழந்தைகளையும் காரில் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். பிரேக் இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாள். அவள் மிதிக்கும் பழக்கம் அப்படி. டிஸ்க் விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

பதில்: போதாது. டிஸ்க் விஷயம் காத்திருக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன அந்த வரிக்குத்தான் முதலில் பதில்.

முதல் மிதிக்குப் பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதிக்கு மேலே எழும்பிப் பிடிக்கிறது என்றால் அது யாருடைய பழக்கமும் அல்ல. பின் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து, இடைவெளி கூடிப் போயிருக்கலாம். பைப்புக்குள் காற்று ஏறியிருக்கலாம். எங்கோ பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருக்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரே அழுத்தமாக மிதித்து அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். கால் அடியில் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கவும் கூடும். எந்த மெக்கானிக்கும் கேட்ட மாத்திரத்தில் வண்டியை உள்ளே விடச் சொல்லும் அறிகுறி இது. உங்கள் வீட்டில் இரண்டு மாதமாகச் சொல்லப்பட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. இரண்டாவது மிதிக்கு அரை வினாடிதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தரை மீட்டர். உங்கள் காரின் நீளத்தைவிட அதிகம். பள்ளி வாசலில் அந்த ஐந்தரை மீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின் இருக்கையில் இருப்பவர்களும் உங்கள் பிள்ளைகள்தான்.

அந்தக் காரை வாரத்தில் ஐந்து நாள் ஓட்டுபவர் உங்கள் மனைவி. மாதத்தில் ஒரு நாள் ஓட்டுபவர் நீங்கள். அந்தப் பெடலை யாருடைய கால் நன்றாக அறியும்? காரை வாங்கியவன், கருவிப் பெட்டி வைத்திருப்பவன் நான்தான், அதனால் வண்டியின் நோய் எனக்குத்தான் தெரியும் என்று நினைக்கும் கணவர்களிடமிருந்து எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த நினைப்பை நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு ஒரு வண்டி வாங்கினால், அதில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் கடமைப்பட்டவர் ஆகிறீர்கள். குறை சொல்பவர் வாயை அடைப்பது அந்தக் கடமையில் சேராது.

என் தந்தை வாடகைக் கார் ஓட்டியவர். காலையில் வண்டியை எடுக்கும் முன் குனிந்து, நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் விரலால் தடவுவார். விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுப்பு இருந்தால் அன்று சவாரி இல்லை. அம்மாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும் வழியில், பிரேக் போடும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பின் இருக்கையிலிருந்து சொன்னார். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஓரமாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்து, ஷூவின் லைனர் முழுக்க நனைந்திருந்தது. எங்களுக்கு முகூர்த்தம் தவறியது. அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் டிஸ்க். பெரிய காலிப்பரில் பெரிய பிஸ்டன் இருக்கும். அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரோ பழைய அளவிலேயே இருக்கிறது. ஆகவே பெடல் இப்போது இறங்குவதைவிட இன்னும் ஆழமாக இறங்கும். உங்கள் மனைவி எதைக் குறை சொல்கிறாரோ, அதை 42,000 ரூபாய் கொடுத்து அதிகமாக்கப் போகிறீர்கள். டயருக்குச் சாலையில் பிடி இருக்கும் அளவுக்குத்தான் எந்த வண்டியும் நிற்கும். இப்போதுள்ள பிரேக்கே சரியாக இருந்தால் ஓங்கி மிதிக்கும்போது சக்கரத்தைப் பூட்டிவிடும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்னால் பிடி கூடிப் பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிடி என்பதைக் கணக்கிட்டுத்தான் தயாரித்திருக்கிறார்கள். கை பிரேக் வேறு அந்தப் பின் டிரம்மில்தான் வேலை செய்கிறது. அதைத் தொடாதீர்கள்.

கருகல் வாடைக்குக் காரணம் டிஸ்க்கின் அளவு அல்ல, இறங்கிய விதம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து அடிவாரக் காரவள்ளி வரைக்கும் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் எந்த லைனரும் கருகும். இரண்டாவது கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்குங்கள். வண்டியின் பாரத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று உங்கள் நண்பர்களில் ஒருவராவது சொல்லியிருப்பார். உங்கள் காரைப் போன்ற வண்டிகள் கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடுகின்றன. மிச்சம் ஒன்றும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு.

பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் அது கொதித்தால் பைப்புக்குள் குமிழி உண்டாகி, பெடல் தரை தொடும். அப்போது இரண்டாவது மிதியும் உதவாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். மூடியில் என்ன ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் வேலை செய்வதை நான் எதிர்க்கவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, முன் பிரேக் பேட் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியில் கட்டி வையுங்கள். ஆனால் பைப்பைத் திறந்து, உள்ளே ஏறிய காற்றை வெளியேற்றும் வேலையை முதன்முதலாக, குழந்தைகள் ஏறும் வண்டியில் தனியாகச் செய்து பழக வேண்டாம்.

நாளை காலை குழந்தைகளை ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ பள்ளியில் விடுங்கள். சரியாகும் வரை அந்தக் காரை யாரும் ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையென்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். டிஸ்க் பெட்டியைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்; பாதிப் பணம் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக் வரும்போது உங்கள் மனைவி பக்கத்தில் இருக்கட்டும். பிரேக் எப்படிப் பிடிக்கிறது, எந்த நாளிலிருந்து, மழையிலா வெயிலிலா, காலையில் முதல் மிதிக்கா என்று மெக்கானிக் கேட்பார். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பதிலை உங்கள் மனைவி சொல்லட்டும்.