பல் எடுப்பதற்காக இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் சாப்பிடுகிறார். பல் துலக்கினால் ரத்தம் கசிகிறது, கைகளில் நீலத் திட்டுகள் வேறு. அடுத்த வாரம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டும். அதுவரை ஒரு மாத்திரையையாவது நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தக்குழாயின் உட்சவ்வு அதன்மேல் படர்ந்து மூடப் பல மாதங்கள் ஆகும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இந்த இரண்டு மாத்திரைகளும் தடுக்கின்றன. அதற்குள் மாத்திரையை நிறுத்தினால் தட்டணுக்கள் அந்த வலையில் ஒட்டி ரத்தக்கட்டியாகிவிடலாம். ஸ்டென்ட் திடீரென அடைபட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த மருந்துகளின் பலன் நன்றாகச் சோதிக்கப்பட்டது. 1988-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். ஒரு மாதம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் இதய, ரத்தநாள மரணங்கள் ஐந்து வாரத்தில் 23 சதவீதம் குறைந்தன. 2009-இல் வெளியான ஆய்வில் டிகாக்ரெலாரை, அதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான குளோபிடோக்ரெலுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் இதய, ரத்தநாள மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் குளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 11.7 சதவீதம், டிகாக்ரெலார் எடுத்தவர்களில் 9.8. அதே ஆய்வில், பைபாஸ் அறுவை சிகிச்சை சம்பந்தப்படாத பெரிய ரத்தப்போக்கு டிகாக்ரெலாரில் சற்று அதிகம். அப்பா இப்போது அனுபவிப்பது அதன் சிறிய வடிவம்தான். தொந்தரவு உண்மை, ஆனால் தாங்கக்கூடியது.

ஒற்றைப் பல்லை இரண்டு மாத்திரைகளும் நடக்கும்போதே எடுப்பதுதான் வழக்கம். ரத்தம் வரும் இடம் கைக்கு எட்டும் இடம். பஞ்சுத்துணியை அரைமணி நேரம் இறுக்கிக் கடித்திருந்தாலே பெரும்பாலும் நின்றுவிடும், தேவைப்பட்டால் தையல் போடுவார்கள். மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள், காலை நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். அவை ரத்தப்போக்கைக் கூட்டும், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும்.

மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், தலையில் அடிபட்டால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரட்டை மாத்திரை பொதுவாக 12 மாதம். கசிவு அதிகமானால் டிகாக்ரெலாருக்குப் பதில் குளோபிடோக்ரெல் தரலாமா, காலத்தைக் குறைக்கலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். டிகாக்ரெலாரால் சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். அப்பாவுக்கு அப்படி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.