மல்யுத்தம் சோறு போடுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிங்காங், தாராசிங் குஸ்தி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். யார் ஜெயிப்பது என்று பேசிவைத்து ஆடினாலும் விழுகிற அடி நிஜம்தான் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நாங்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவர்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

விஷயம் இதுதான். என் அக்கா மகன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இருபத்தேழு வயது. அங்கே ஒரு மல்யுத்தப் பள்ளியில் சேர்ந்து பயிற்சி எடுத்து, இப்போது சனி ஞாயிறுகளில் சின்னச் சின்ன அரங்குகளில் ஆடுகிறான். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கப்போகிறானாம். "மாமா, நீங்கதான் அம்மாகிட்ட பக்குவமா சொல்லணும்" என்கிறான். அக்கா காதில் விழுந்தால் வீடு இரண்டாகிவிடும். டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரி பெரிய கம்பெனியில் சேராமல், தனியாக ஊர் ஊராய் ஆடியே ஒருவன் அங்கே பிழைக்க முடியுமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரொம்பக் குறைவு. அவர்களுக்கும் ஆட்டக் கூலி பெரும்பாலும் பெட்ரோலுக்கே சரியாகப் போகும். வாடகை கட்டுவது அரங்கின் ஓரத்தில் போட்டிருக்கும் மேஜை.

அந்த மேஜையை அவர்கள் 'கிம்மிக் டேபிள்' என்பார்கள். பள்ளிக்கூட ஜிம்னாசியம், முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூடம், தேவாலய ஹால் மாதிரி இடங்களில்தான் இந்த ஆட்டங்கள் நடக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரோரமாக வரிசையாக மடக்கு மேஜைகள் இருக்கும். அவற்றில் டி-ஷர்ட்டுகள், கையெழுத்துப் போட்ட புகைப்படங்கள், ஸ்டிக்கர்கள். பின்னால் அன்றைக்கு ஆடப்போகிறவரே நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். இடைவேளையில் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து நிற்பார். குழந்தையோடு செல்ஃபி, பத்து டாலர். அரை மணி முன்னால் அந்தக் குழந்தையின் அப்பாவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசிய வில்லனும் அவரேதான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். உங்கள் மருமகனுக்கு ஓர் ஆட்டத்துக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஆட்டம் அபூர்வம். மாதம் எட்டு ஆட்டம் கிடைத்தால் 800 டாலர். நாலைந்து மணி நேரம் கார் ஓட்டிப்போக வேண்டும். மோட்டல் செலவு கட்டாது என்று நாலு பேர் ஒரே காரில் அடைந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பிவிடுவார்கள். கையில் நிற்பது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பத்து டாலருக்கு அடக்கமாகும் டி-ஷர்ட்டை 25-க்கு இருபது பேரிடம் விற்றால் அதே ராத்திரியில் 300 டாலர். இந்த 100 டாலரும்கூட ஓரளவு பெயர் தெரிந்தவனுக்குத்தான். புதிதாக வருகிறவனுக்குக் கூலி ஒரு ஹாட் டாக், ஒரு கைகுலுக்கல் என்று அந்தத் தொழிலிலேயே பழைய கேலி ஒன்று உண்டு. பல இடங்களில் ரிங்கைப் பூட்டிக் கழற்றும் வேலையும் புதிய பையன்கள் தலையில்தான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1948-ல் என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பு உருவானபின், அமெரிக்காவின் குஸ்தி முதலாளிகள் நாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் எல்லைக்குள் இன்னொருவன் காலெடுத்து வைக்கக்கூடாது. மெம்பிஸ் வட்டாரத்தில் சேர்ந்தவருக்குத் திங்கள் இரவு மெம்பிஸ் நகரத்து மிட்-சவுத் கொலிசியம், செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில், சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சி ஸ்டூடியோவில் நேரலை ஆட்டம். வசூலில் பங்கு. யாரும் கோட்டை கட்டவில்லை, முதலாளிகள் கணக்கில் கை வைத்த கதைகளும் ஏராளம். ஆனாலும் வாரம் முழுக்க வேலை இருந்தது. நட்சத்திரமாக இல்லாத ஒருவன் குஸ்தி மட்டுமே ஆடிக் குடும்பம் நடத்த முடிந்தது. வின்ஸ் மெக்மேன் 1982-ல் அப்பாவின் கம்பெனியை (நீங்கள் சொன்ன டபிள்யூ.டபிள்யூ.எஃப்., இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) வாங்கி, எல்லைகளை மதிக்காமல் கேபிள் டிவி வழியாக நாடு முழுக்கக் கடை விரித்தார். வட்டாரங்கள் ஒவ்வொன்றாக மூடின. 2001 மார்ச்சில் மிச்சமிருந்த பெரிய எதிரியான டபிள்யூ.சி.டபிள்யூ.வையும் அவரே வாங்கினார். அதே வருடம் இ.சி.டபிள்யூ. என்ற இன்னொரு குஸ்தி கம்பெனி திவாலானது. நட்சத்திரங்கள் எப்படியோ தேறிவிட்டார்கள். நடுத்தர மல்லன் என்ற வகைதான் இல்லாமல் போயிற்று.

இன்றைய சுயேச்சை ஆட்டம் அந்தக் காலி இடத்தில் முளைத்தது. 2002-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரிங் ஆஃப் ஹானரின் பின்னால் இருந்தது ஒரு வீடியோ கேசட் வியாபாரம். இ.சி.டபிள்யூ. மூடியதும் விற்கப் புதுச் சரக்கு வேண்டியிருந்தது, அதற்காக ஆட்டம் நடத்தினார்கள். பிரையன் டேனியல்சன், சி.எம். பங்க், சமோவா ஜோ எல்லாரும் அங்கே பெயர் வாங்கியவர்கள். விற்பதற்காக ஆட்டம் என்ற சங்கதி அங்கிருந்தே வருகிறது என்று நான் நினைக்கிறேன். பெயர் வாங்கிய மூவருமே பிறகு டிவி ஒப்பந்தத்துக்குப் போனார்கள் என்பதையும் மருமகனுக்குச் சொல்லுங்கள்.

தனியாக ஆடியே சமாளித்தவர் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சிகாகோக்காரரான கோல்ட் கபானா. 2009-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை வேலையைவிட்டு அனுப்பியது. அடுத்த வருடம் ஒரு மைக்கோடு பாட்காஸ்ட் தொடங்கினார். போகிற ஊரில் கூட ஆடுகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவார். கேட்பவர்கள் பெருகப் பெருக மேஜையில் கூட்டம் கூடியது. டி-ஷர்ட்டை மூட்டை கட்டிக் காரில் ஏற்றிக்கொண்டு அலையும் தொல்லையும் கொஞ்சம் குறைந்தது. அதே ஊரில் 2013-ல் ப்ரோ ரெஸ்ட்லிங் டீஸ் என்ற கடை வந்தது. மல்லர் டிசைனைக் கொடுத்தால் போதும், ஆர்டர் வந்தபின் அச்சடித்து அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் யங் பக்ஸ் என்ற பெயரில் ஆடும் அண்ணன் தம்பி, மேட் ஜாக்சனும் நிக் ஜாக்சனும். கலிஃபோர்னியாக்காரர்கள். 2011-ல் ஒரு டிவி கம்பெனியை விட்டு வெளியே வந்து ஊர் ஊராக ஆடினார்கள். சரக்கு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டது மேட்டின் மனைவி டேனா. 2017-ல் அவர்கள் டி-ஷர்ட் ஹாட் டாப்பிக் கடைகளில், அதாவது அமெரிக்க மால்களில், தொங்கியது. மறு வருடம் கோடி ரோட்ஸ் என்ற மல்லரோடு சேர்ந்து 'ஆல் இன்' என்ற ஆட்டத்தை சிகாகோ பக்கத்தில் நடத்தினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. தொழிலதிபர் டோனி கான் பணம் போட, 2019 ஜனவரியில் ஏ.இ.டபிள்யூ. என்ற புதிய கம்பெனி பிறந்தது. அதன்பிறகு யங் பக்ஸும் சுயேச்சை இல்லை. கம்பெனி நிர்வாகிகள் ஆனார்கள். டேனாவுக்கும் அங்கேயே பதவி கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லித்தான் உங்கள் மருமகன் மாதிரிப் பையன்கள் கனவு காண்கிறார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. சுயேச்சை மல்லனுக்குச் சந்தையில் மதிப்பு ஏறுவது, அவனைத் தூக்கிக்கொள்ளப் பெரிய முதலாளிகள் இரண்டு பேர் போட்டி போடும்போது. ஒரே முதலாளி என்றால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

மேட் கார்டோனா கதையையும் அவன் எடுத்துவிடலாம். ஸாக் ரைடர் என்ற பெயரில் டிவியில் வந்தவர். 2020 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ. கும்பலாக ஆட்களை வெளியேற்றியபோது இவரும் போனார். மறு வருடம் அட்லாண்டிக் சிட்டியில், மருமகன் இருக்கும் அதே நியூ ஜெர்சியில், ஜி.சி.டபிள்யூ. என்ற சுயேச்சைக் கம்பெனியின் நிக் கேஜோடு ரத்தக்களரியான டெத்மேட்ச் ஆடி சாம்பியன் பெல்ட்டை ஜெயித்தார். டியூப் லைட்டை உடம்பில் உடைத்துக்கொள்ளும் ஆட்டம். ரசிகர்கள் குப்பையை வீசி எறிந்தார்கள். அந்த வெறுப்பையே மூலதனமாக்கிக்கொண்டார் மனிதர். டிவியில் இருந்ததைவிட வெளியே நன்றாகச் சம்பாதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார், நம்பலாம். ஆனால் அவர் வெளியே வரும்போது பத்து வருடத்துக்கு மேல் டிவியில் பழகிய முகத்தோடு வந்தார். பொம்மை சேகரிப்பவர்களுக்காக ஒரு பாட்காஸ்ட்டும் ஏற்கெனவே வைத்திருந்தார். உங்கள் பையனிடம் அந்த முகம் இல்லை.

அப்புறம் உடம்பு. ரிங் மெத்தை போலத் தெரியும். இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதற்கு மேல் கொஞ்சம் ஃபோம், கேன்வாஸ், அவ்வளவுதான். முதுகு தட்ட விழுவதை 'பம்ப்' என்பார்கள். சரியாக விழக் கற்றவனுக்கும் ஒவ்வொரு பம்பும் கழுத்திலும் இடுப்பிலும் வரவு வைக்கப்படும். கம்ப்யூட்டர் வேலையை விட்ட அன்றே அந்தக் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு கைநழுவ ஆரம்பிக்கும். முழங்காலில் தசைநார் கிழிந்தால் அமெரிக்காவில் அதன் பில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஆட்டமும் இல்லை, மேஜையும் இல்லை. சுயதொழில் செய்பவர் என்பதால் முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியை அவனே கட்ட வேண்டும், வருமான வரி தனி. பெரிய கம்பெனிகூட மல்லர்களை ஊழியர்களாக அல்லாமல் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கிறது. மூன்று பேர் 2008-ல் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

ஆகவே, ஆடட்டும். வேலையை விட வேண்டாம். பிரிட் பேக்கர் என்ற பெண் மல்லரைக் காட்டுங்கள். பல் மருத்துவம் படித்துக்கொண்டே சுயேச்சையாக ஆடினார். 2018-ல் பட்டம் வாங்கினார், அதே வருடம் ஆல் இன்னிலும் ஆடினார். ஏ.இ.டபிள்யூ.வில் சேர்ந்த பிறகும் கிளினிக்குக்குப் போய்ப் பல் பார்த்தார். 2021-ல் அங்கே பெண்கள் சாம்பியனும் ஆனார். வேலையில் இருந்தபடியே ஒரு வருடம் ஆட்டக் கூலியையும் மேஜை வரவையும் தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது வாடகைக்கும் காப்பீட்டுக்கும் எட்டினால் அப்புறம் பேசலாம். அக்காவிடம் இப்போதே சொல்லத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி, அதை நீங்கள் எழுதவே இல்லை. பையன் எந்த விசாவில் இருக்கிறான்? கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். எச்-1பி என்றால், விசா எடுத்துக்கொடுத்த கம்பெனியைத் தவிர வேறிடத்தில் கூலி வாங்கக்கூடாது. சனிக்கிழமை வாங்கும் 100 டாலரும், மேஜையில் விற்கும் டி-ஷர்ட்டும் சேர்த்துத்தான். வேலையை விட்டால் பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இன்றைக்கே போன் போட்டு இதை மட்டும் கேளுங்கள். எச்-1பி என்று சொன்னால், அடுத்த ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்வதற்குள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.