காலை 9 முதல் பகல் 1 வரை

கேள்வி: நோய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. விபத்து மரணங்களை ஏழை நாடுகள் எப்படிக் குறைக்க முடியும்? பணம் இருந்தால்தானே பாதுகாப்பு?
– வாசகி ஒருவர், மயிலாடுதுறை

பதில்: பணம் வேண்டியதுதான். ஆனால் விபத்து யாருக்கு, எங்கே, எந்த நேரத்தில் நேர்கிறது என்பது தெரிந்துவிட்டால், சிறிய தொகையைக் கொண்டே பல உயிர்களைக் காக்கலாம் என்பதை வங்கதேசக் கிராமங்கள் காட்டியிருக்கின்றன.

அந்நாட்டின் மத்லப் வட்டாரத்தில் 1966 முதல் பிறப்பு, இறப்புகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்து வருகிறார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் தடுப்பூசிகளும் பரவி, வயிற்றுப்போக்காலும் தட்டம்மையாலும் குழந்தைகள் இறப்பது குறையக் குறைய, அதுவரை அவ்வளவாகக் கண்ணில் படாதிருந்த நீரில் மூழ்கும் மரணங்கள் முன்னுக்கு வந்தன. மிகுதியாகப் பலியானவர்கள் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள். மூழ்கிய இடம் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குளம் அல்லது குட்டை. நேரமோ காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடைப்பட்டது. அதாவது தந்தை வயலிலும் மூத்த பிள்ளைகள் பள்ளியிலும் இருக்க, சமையல், துணி துவைப்பது, கால்நடை என அத்தனை வேலையையும் தாய் ஒருத்தியே பார்க்கும் நேரம். இதைத் தாயின் கவனக்குறைவு என்று பேசுவது பெரும் அநியாயம்.

எனவே அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, 'ஆஞ்சல்' என்ற பகல்நேரக் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர், பெரும்பாலும் தம் வீட்டிலேயே, இருபது இருபத்தைந்து குழந்தைகளைக் கவனித்துக்கொள்வார். பாட்டும் விளையாட்டும் உண்டு. இங்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, ஊர்க் குளத்திலேயே மூங்கில் தடுப்பு கட்டி நீச்சல் கற்றுத் தரப்படுகிறது.

2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். வங்கதேசமும் அயர்லாந்தும் முன்னின்று எடுத்த முயற்சியால், அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. 2022-இல் வங்கதேச அரசு 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் அளித்தது. இவை திட்டக் காலத்தோடு முடிந்துவிடக் கூடாது. காப்பகப் பெண்களின் ஊதியத்தை, தடுப்பூசிச் செலவைப் போலவே, அரசு தன் நிரந்தரச் செலவாக ஏற்க வேண்டும்.