‘ஒப்ளீக் ரெஃபரன்ஸ்’ என்று மேலாளர் எழுதினால் கோபமா?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: “வார அறிக்கையில், ‘போன மாதம் நடந்ததை மனத்தில் வைத்து இந்த முறை இருமுறை சரிபார்த்தோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேலாளர் அதை ‘ஒப்ளீக் ரெஃபரன்ஸ்’ என்கிறார். என்னைக் குறை சொல்கிறாரா? அந்தச் சொல்லை நானும் எப்படிப் பயன்படுத்துவது?”

கவலை வேண்டாம், அந்தச் சொல்லில் திட்டு எதுவும் இல்லை. ஒன்றின் பேரை எடுக்காமல் சாடையாகச் சொல்வதுதான் ஒப்ளீக். ‘சாய்ந்த’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடிவியலில் செங்கோணமாக இல்லாத கோணத்துக்கும் இதே பெயர்தான்.

தீபாவளிக்கு வந்த அத்தை, வேலைக்குப் போகும் அண்ணன் மகனிடம் ‘அங் பாவ்’ என்னும் அன்பளிப்புப் பண உறையை நீட்டியபடி, “அடுத்த வருஷம் நீயும் ஜோடியா நின்னு பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்பா” என்கிறார். கல்யாணம் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் புரிகிறது, அவனும் தலையைக் குனிந்துகொள்கிறான். ஆங்கிலத்தில் இதை, ‘ஷி மேட் அன் ஒப்ளீக் ரெஃபரன்ஸ் டு மேரேஜ்’ என்று சொல்லலாம்.

கேட்பவருக்குப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும், அதுதான் இதில் முக்கியம். தெரியாதவருக்கு அதே பேச்சு வெறும் ‘வேக்’, அதாவது தெளிவில்லாதது. ‘இன்டைரெக்ட்’ இன்னும் பொதுவான சொல். மறைமுக வரிக்கும் அதைத்தான் சொல்வார்கள், அங்கே ஒப்ளீக் பொருந்தாது. மிரட்டலை மூடி மறைத்துச் சொன்னால் ‘வெய்ல்ட் திரெட்’ என்பதே வழக்கம்.

உச்சரிக்கும்போது முதல் எழுத்தை ‘அ’ போல லேசாக விட்டு, ‘ப்ளீக்’ என்பதை அழுத்துங்கள். யுனீக், டெக்னீக் போலவே முடியும். முன்னால் ‘அ’ அல்ல, ‘அன்’ வரும். ரெஃபரன்ஸுக்குப் பிறகு ‘டு’ வரும். வினையோடு சேர்க்க ‘ஒப்ளீக்லி’. ரெஃபரன்ஸ், ஹின்ட், ரிமார்க் ஆகியவற்றோடு இது இயல்பாகச் சேரும். மனிதர்களைப் பற்றி இப்படிச் சொல்வது குறைவு, ஆரம்பத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

சரி, உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருவோம். அவர் வெறுமனே அந்தச் சொல்லை மட்டும் எழுதியிருந்தால் தான் கவனித்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். தொடர்ந்து ‘ப்ளீஸ் கிளாரிஃபை’ என்று கேட்டிருந்தால், பேரைச் சொல்லி எழுதுங்கள் என்று பொருள். அவர் அப்படிக் கேட்பது நியாயம்தான் என்பேன். ஒருவர் மனம் நோகக்கூடாத இடத்தில் சாடைப் பேச்சு நல்ல பண்பு. ஆனால் அறிக்கை அப்படியல்ல, போன மாதம் அங்கே இல்லாதவரும் அதைப் படிப்பார். அதனால் ‘நடந்ததை’ என்பதை எடுத்துவிட்டு, எந்தத் தேதியில் எந்தச் சரக்கில் என்ன தவறு நேர்ந்தது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.